மடங்காத விரல்

சந்தைக்கு நேர்வழி இருக்கும்போது சாக்கடை ஓரமாகச் சுற்றிக்கொண்டு போக யாருக்காவது மனசு வருமா? கூடைக்காரர் வீட்டுப் பெரியவளுக்கு வந்திருந்தது. போன மழைக்காலத்திலிருந்து அவள் அப்படித்தான் போய்வந்தாள். தலையில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கூடைகள், கணுக்கால் வரை சேறு. கேட்டவர்களிடம் நேர்வழியில் நாய்த் தொல்லை என்று சொல்லிவைத்திருந்தாள். நாயும் இல்லை, நரியும் இல்லை. நேர்வழியில் அருங்காட்சியகம் இருந்தது. அதன் வாசல் சுவரில் ஆள் உயரத்துக்கும் மேலாக ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். அதில் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி, மடியில் பாதி முடைந்த கூடையை வைத்துக்கொண்டு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் அந்தப் படத்தைப் பார்த்தபோது பெரியவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. மறுநாள் போனால் அணைந்திருக்கும் என்று நினைத்தாள். மறுநாள் வெயில் பட்டு படம் இன்னும் பளபளவென்று இருந்தது. அதற்கு மறுநாள் சுற்றுவழியைக் கண்டுபிடித்துக்கொண்டாள்.

இதனால் அவளைப் பொல்லாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். பொறாமை என்பது தும்மல் மாதிரி. நல்லவர்களுக்கும் வரும், அடக்கினால் மூக்கு எரியும். அவள் அடக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரே கூரை, இரண்டு குடித்தனம், ஒரு சமையல். பெரியவன் துறைமுகத்தில் தள்ளுவண்டி தள்ளுகிறவன். அதிகம் பேச மாட்டான். பேசினால் அவன் வண்டியைப் பற்றித்தான் இருக்கும். சின்னவன் கப்பலில் வேலைக்கு ஏறினால் மழை முடிந்துதான் இறங்குவான். அதனால் பகலெல்லாம் வீட்டில் இரண்டு பெண்கள் மட்டும்தான். பின்கட்டில் ஒரு நீள அறை. அதில் பிரம்பு ஊறப்போடும் சிமெண்டுத் தொட்டி, பிளக்கிற கத்திகள், எந்நேரமும் ஈரப் பிரம்பின் வாடை. ஊறாத பிரம்பை வளைத்தால் ஒடிந்துவிடும். அதிகம் ஊறினால் வழவழத்துக் கையில் நிற்காது. மழைக்காலத்தில் காற்றே பிரம்பை ஊறவைத்துவிடும் என்பதால் அப்போதுதான் வேலை மும்முரமாக நடக்கும்.

கூடையில் அடியும் பக்கமும் யார் வேண்டுமானாலும் முடையலாம். வாய்க்கட்டில்தான் கைத்திறன் இருக்கிறது. பக்கக் குச்சிகளின் தலையை மடக்கி, மெல்லிய நாரால் சுற்றிக் கட்டுவது வாய்க்கட்டு. நாரைச் சுட்டுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே கிள்ளிப் பிடித்து, கீழே விட்டு மேலே இழுத்துக்கொண்டே போக வேண்டும். பெரியவளால் அது முடியாது. கல்யாணமான மறுவருஷம் பிரம்பு பிளக்கும்போது கத்தி வழுக்கி வலக்கைச் சுட்டுவிரலின் நரம்பை அறுத்துவிட்டது. காயம் ஆறியது, விரல் மடங்கவில்லை. அன்றிலிருந்து அது நட்டுவைத்த குச்சியாகவே நின்றது.

சந்தையில் அவள் காசு வாங்கக் கையை நீட்டினால், "யாரைம்மா காட்டிக் கொடுக்கிற?" என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. யாரையும் குற்றம் சொல்லாதபோதும் அந்த விரல் யாரையோ குற்றம் சொல்லிக்கொண்டே இருந்தது. அவள் கையை மேல்துணிக்குள் மறைத்துக்கொள்ளப் பழகினாள். பிறகு இடக்கையால் காசு வாங்கப் பழகினாள். வீட்டில் யாரும் அந்த விரலைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் அன்றைக்குச் சோற்றில் உப்பு இருக்காது.

வேலையை மட்டும் அவள் விடவில்லை. நாரைக் கிள்ள முடியாததால், நீட்டிய விரலைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றி, விரலை உருவிவிட்டு, அந்த வளையத்துக்குள் நுனியை நுழைத்து இழுத்தாள். அதனால் விளிம்பில் நான்கு குச்சிக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன முடிச்சுகள் புடைத்துக்கொண்டு நின்றன. மாமியார், இருந்தவரைக்கும், "கூடைக்கு அம்மை போட்டிருக்கு" என்று சிரித்தாள். ஆனால் மீன்காரிகளுக்கு அந்த முடிச்சு பிடித்துப்போயிற்று. ஈரக் கையால் தூக்கினாலும் வழுக்கவில்லை.

சின்னவள் மருமகளாக வந்தபோது அவளுக்குப் பிரம்புக்கும் விறகுக்கும் வித்தியாசம் தெரியாது. பெரியவள்தான் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தாள். வாயால் சொல்லித்தர அவளுக்கு வராது. "பாரு, செய்" என்பாள், அவ்வளவுதான். சின்னவள் பார்த்தாள், செய்தாள். மூன்று மழை போவதற்குள் எந்த வாய்க்கட்டு யார் கட்டியது என்று வாங்குகிறவர்களுக்கே தெரியாமல் போயிற்று.

அருங்காட்சியகத்திலிருந்து ஆள் வந்த அன்றைக்கு நடந்ததை நினைத்தால்தான் பெரியவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும். வந்தவள் ஒரு நடுவயதுப் பெண். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்ததால் கண்ணாடிக்காரி என்றே அந்தத் தெருவில் அவளுக்குப் பெயராகிவிட்டது. வாசலில் நின்று, கூடை முடைகிறவரைப் பார்க்க வேண்டும் என்றாள். பெரியவள் அப்போது தொட்டிக்குள் கைவிட்டுக்கொண்டிருந்தாள். வந்தவள் ஏதோ விற்கத்தான் வந்திருப்பாள், கையைத் துடைத்துக்கொண்டு போனால் விரலை வேறு பார்ப்பாள் என்று தோன்றியது. "வேலையத்தவங்க யாரோ வந்திருக்காங்க. நீயே போய்ப் பேசி அனுப்பு" என்று சின்னவளை விரட்டினாள். சின்னவள் போனாள், பேசினாள். பேச்சு வளர்ந்தது. கடைசியில் சனிக்கிழமைதோறும் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கூடை முடையச் சொல்லித்தரும் வேலையோடு திரும்பி வந்தாள். யானை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட கதைதான்.

அந்த வேலையைக் கொண்டுவந்த கையோடு சின்னவள், "நீங்க போங்கக்கா, நீங்கதானே எனக்கே கத்துக்கொடுத்தீங்க" என்று சொன்னாள். அதை மறைக்கக் கூடாது. பெரியவள், "எனக்கு வேற வேலை இல்லையா?" என்றாள். இன்னொரு முறை கேட்பாள், அப்போது சரி என்று சொல்லலாம் என்று இருந்தாள். சின்னவள் இன்னொரு முறை கேட்கவில்லை.

அதன்பிறகு சனிக்கிழமை ராச்சாப்பாடு என்றாலே பெரியவளுக்குத் தொண்டையில் முள். சின்னவள் அருங்காட்சியகத்தை வாயில் சுமந்துகொண்டு வருவாள். அது முன்பு சரக்குக் கிடங்காக இருந்த கட்டடம். இப்போது அங்கே பழைய படகு ஒன்றைக் கயிறு கட்டி மேலே தொங்கவிட்டிருக்கிறார்களாம். எடைக்கற்களுக்கு ஒரு அறையாம். செருப்புத் தைக்கிறவர் ஒருநாள், கொல்லர் ஒருநாள் வந்து உட்கார்ந்து செய்துகாட்டுகிறார்களாம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக்கூட இவ்வளவு ஆசையாகப் போவதில்லையாம். ஒரு பிள்ளை தானே முடைந்த கூடையில் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போயிற்றாம்.

பரிமாறுவது பெரியவளின் உரிமை. மீனின் நடுத்துண்டை முன்பெல்லாம் சின்னவள் தட்டில்தான் வைப்பாள், இளம்பிள்ளை தின்னட்டும் என்று. படம் ஒட்டிய நாளிலிருந்து சின்னவள் தட்டில் வால்துண்டு விழுந்தது. சின்னவள் அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் முள்ளை ஒதுக்கித் தின்றாள். அவள் ஒன்றும் சொல்லாததும் பெரியவளுக்குப் பிடிக்கவில்லை.

மழை மறுபடியும் பிடித்துக்கொண்ட ஒரு நாள், சந்தையில் மீன்காரி ஒருத்தி அவளைக் கூப்பிட்டாள். மீன்காரி நல்லவள்தான், ஆனால் வாயில் எதுவும் தங்காது. தன் பேத்தியும் சனிக்கிழமை வகுப்புக்குப் போகிறாள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்து, "நம்ம கூடையில இருக்குற முடிச்சு இருக்கில்ல, அதுக்குப் பேரெல்லாம் வச்சிருக்காங்க. கரைமுடிச்சாம். இந்தக் கரையோரத்துல தலைமுறை தலைமுறையா கட்டுற முடிச்சுன்னு பலகையில எழுதி, கூடையைக் கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்களாம். உன் ஓரகத்தி சொன்னாளாம்" என்றாள்.

பெரியவள் தலையிலிருந்த கூடைகளை இறக்கிக் கீழே வைத்தாள்.

தலைமுறை தலைமுறையாக. அவளுக்குச் சிரிப்பு வந்தது. மாமியார் இந்த முடிச்சைக் கட்டியதில்லை. மாமியாரின் மாமியாரும் கட்டியதில்லை. இந்தக் கரையில் கூடை முடைந்த எவரும் கட்டியதில்லை. அது வழக்கமும் இல்லை, பழக்கமும் இல்லை, ஒரு நொண்டி விரல் பட்ட பாடு. இது தெரியாமல் பலகை எழுதி மாட்டியிருக்கிறார்கள். சொன்னவள் சின்னவள். பொய் சொன்னாள் என்று தெரிந்தால் அந்த இடத்தில் அவளை உட்காரவைப்பார்களா? பல மாதமாக இறங்காத சோறு அன்றைக்குப் பெரியவளுக்கு ஒரே வாயில் இறங்கியது.

வீட்டுக்கு வந்ததும் பரணில் ஏறினாள். வெங்காயம் போட்டுவைத்திருந்த ஒரு பழைய கூடையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு இறக்கினாள். மாமியார் கையால் முடைந்தது. விளிம்பு தடவிப் பார்த்தால் வழுவழுவென்று இருந்தது, ஒரு முடிச்சு கிடையாது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வெங்காயச் சருகைத் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, கதவோரம் வைத்தாள்.

பெரியவன் வேலையிலிருந்து வந்து அந்தக் கூடையைப் பார்த்தான். வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே என்ன விஷயம் என்று கேட்டான். அவள் சொன்னாள். அவன் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"இப்ப அங்க போய் இதைச் சொல்லி உனக்கு என்ன வரப்போகுது?"

"உண்மை வரும்."

"உண்மை இத்தனை வருஷம் உன் துணிக்குள்ளதானே இருந்துச்சு. அப்ப வெளியில வரலையே."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் குரலைத் தாழ்த்தி, சின்னவள் வந்த புதிதில் புருஷன் கப்பலுக்குப் போனால் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவள், இப்போதுதான் சனிக்கிழமைக்காக மற்ற நாளெல்லாம் ஓடியாடிக்கொண்டிருக்கிறாள் என்று நினைவுபடுத்தினான். அதைக் கெடுத்தால் இந்த வீட்டில் ஒரே உலையில் சோறு வேகாது என்றும் சொன்னான். அவன் ஒரு மாதத்துக்குப் பேசுகிற பேச்சு அது. பெரியவளுக்கு அது உறைக்கத்தான் செய்தது. உறைத்ததும் இன்னும் எரிந்தது. சொந்தப் புருஷனும் அவள் பக்கம் போய்விட்டானே என்று நினைத்துக்கொண்டு படுத்தாள்.

சனிக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. சின்னவள் முன்னால் போய்விட்டாள். பெரியவள் மாமியார் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, போன மழைக்குப் பிறகு முதல்முறையாக நேர்வழியில் போனாள். வாசலில் படம் ஈரம் பட்டு ஒரு ஓரம் சுருண்டிருந்தது. அதில் ஒரு சின்னத் திருப்தி.

உள்ளே கிடங்கின் கூரை உயரத்தில் இருந்தது. மேலே நிஜமாகவே படகு தொங்கியது. தரையில் பாய் விரித்துப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி, கத்தி, ஈரப் பிரம்பு, எல்லாம் வீட்டுப் பின்கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தது மாதிரி. அவளுக்கே தெரிந்த வாடை, தெரியாத இடத்தில். நடுவில் சின்னவள் உட்கார்ந்து வாய்க்கட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பெரியவள் தூண் ஓரமாக நின்றாள்.

"விரலை நீட்டு. மடக்கக் கூடாது. மடக்கினா முடிச்சு விழாது. நீட்டின விரலைச் சுத்தி ஒரு சுத்து. இப்ப மெதுவா உருவு" என்றாள் சின்னவள்.

பிள்ளைகள் அத்தனை பேரும் வலக்கைச் சுட்டுவிரலை விறைப்பாக நீட்டினார்கள். மடக்கத் தெரிந்த, நல்ல, முழு விரல்கள். ஒவ்வொன்றும் குச்சி மாதிரி நின்றது. மீன்காரியின் பேத்திக்கு விரல் தானாக மடங்கிக்கொண்டே இருந்தது. அவள் அதை இடக்கையால் நிமிர்த்தி நிமிர்த்தி வைத்தாள். சின்னவளின் விரலும் அப்படித்தான் நீண்டிருந்தது. வீட்டில் இத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் பெரியவள் அதைக் கவனித்ததில்லை.

மேல்துணிக்குள் இருந்த தன் விரலை அவள் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

சின்னவள் தலையை நிமிர்த்தியபோது அவளைப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த கூடையைப் பார்த்தாள். பிள்ளைகளைத் தொடரச் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அத்தை கூடையை எதுக்கு எடுத்துட்டு வந்திருக்கீங்கன்னு தெரியுதுக்கா" என்றாள். "சொல்லணும்னா சொல்லுங்க. நான் தடுக்கல. இந்த முடிச்சு எங்க இருந்து வந்துச்சுன்னு அந்தக் கண்ணாடிக்காரம்மா முதல் நாளே கேட்டாங்க. உங்ககிட்ட இருந்துன்னு சொன்னா, ஏன் இப்படிக் கட்டுறாங்கன்னு கேப்பாங்க. விரலைப் பத்திச் சொல்ல வேண்டி வரும். அது உங்களுக்குப் பிடிக்காது. அதான் பழைய வழக்கம்னு சொல்லிட்டேன்."

திட்டுவதற்காகப் பெரியவள் வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்த வார்த்தைகள் ஒன்றும் பயன்படவில்லை. கண்ணில் நீர் முட்டியது என்று சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முட்டியது அது இல்லை. வேலை அவளுக்கு, படம் அவளுக்கு, பிள்ளைகள் அவளுக்கு. இப்போது பெரிய மனசு என்கிற பெயரும் அவளுக்கேவா? இத்தனை நாள் எரிந்ததெல்லாம் ஒன்றுமில்லை, இதுதான் எரிச்சல். இந்த ஒன்றையாவது அவளிடம் விட்டுவைக்கக் கூடாது என்று பெரியவளுக்குத் தோன்றியது.

கண்ணாடிக்காரி, யாரோ புதிதாக வந்திருக்கிறார்களே என்று அருகில் வந்தாள். கூடையைப் பார்த்ததும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, இது எந்தக் காலத்துக் கூடை, ஏன் இதில் முடிச்சு இல்லை என்று கேட்டாள்.

பெரியவள் மேல்துணிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள். மறைக்கப் பழகிய பிறகு ஊரார் முன்னால் அந்தக் கையை அவள் தானாக நீட்டியது அதுதான் முதல் தடவை.

"இது எங்க மாமியார் முடைஞ்சது. அவங்க காலத்துல முடிச்சு கிடையாது" என்றாள். "முடிச்சு இந்த விரல்ல இருந்து வந்துச்சு. கத்தி பட்டு மடங்காம போன விரல். கிள்ள முடியலன்னு நான் சுத்த ஆரம்பிச்சேன். இவளுக்கு நான்தான் கத்துக்கொடுத்தேன். வழக்கமும் இல்ல ஒண்ணும் இல்ல."

சொல்லி முடித்ததும் பலகையைக் கழற்றுவார்கள், சின்னவளை எழுப்பிவிடுவார்கள் என்று காத்திருந்தாள். கண்ணாடிக்காரி அவள் விரலையும் பிள்ளைகளின் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "இத்தனை நாள் நீங்க வரவே இல்லையே" என்று மட்டும் சொன்னாள். பலகையை மாற்றி எழுதிவிடுவதாகச் சொல்லி, மாமியார் கூடையையும் பக்கத்திலேயே வைக்கலாமா என்று கேட்டாள். யாரும் யாரையும் எழுப்பிவிடவில்லை.

எழுந்தது பிள்ளைகள்தான். முடிச்சு பிறந்த விரல் என்று தெரிந்ததும் பாய் காலியாகிவிட்டது. மீன்காரியின் பேத்தி, தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். பெரியவள் சரி என்பதற்குள் தொட்டுவிட்டாள். வலிக்குமா, சாப்பிடும்போது என்ன செய்வீங்க, மூக்கு எப்படிச் சொறிவீங்க என்று கேள்விகள். ஒருத்தி நாரைக் கொண்டுவந்து, நீங்க கட்டிக் காட்டுங்க என்றாள். பெரியவள் உட்கார்ந்தாள். "பாருங்க, செய்யுங்க" என்றாள். பிள்ளைகள் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். அவளுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. பொய் சொல்லக் கூடாது, அவ்வளவு சந்தோஷம்.

நாலைந்து முடிச்சு போட்ட பிறகுதான் தற்செயலாக நிமிர்ந்தாள். காலியான பாயின் நடுவில் சின்னவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். கை பாதிக் கூடையில் இருந்தது. கண் இங்கே இருந்தது. வாயில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. அந்தப் பார்வையை இந்த உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் பெரியவளுக்குத் தெரியும். சுற்றுவழியில் சேற்றில் நடந்தபோதெல்லாம் அவள் சுமந்து திரிந்த பார்வை அது.

பார்த்ததும் ஒரு நொடி இனித்தது. இரண்டு முடிச்சு தாண்டுவதற்குள் அந்த இனிப்பு கசந்துவிட்டது. ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை.

கிளம்பும்போது கண்ணாடிக்காரி பெரியவளை மட்டும் ஓரமாக அழைத்து ஏதோ சொன்னாள். திரும்பும்போது இருவரும் நேர்வழியிலேயே வந்தார்கள். மழை விட்டிருந்தது. சின்னவள் அருங்காட்சியகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் கால் கழுவும்போது, அடுத்த வாரம் உங்களைத்தான் வரச் சொல்லியிருக்காங்களா என்று, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். ரெண்டு பேரையும்தான் என்றாள் பெரியவள். "ஓ" என்றாள் சின்னவள்.

அன்றைக்கு வறுத்த மீன். பெரியவன் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, வண்டி அச்சு சத்தம் போடுகிறது என்று சொல்லி, அவசரமாகத் தின்றுவிட்டு எழுந்துகொண்டான். பெரியவள் நடுத்துண்டை எடுத்துச் சின்னவள் தட்டில் வைத்தாள். சின்னவள் அதைத் தட்டோரத்துக்குத் தள்ளினாள்.

"எனக்கு வேண்டாங்க்கா. நீங்களே சாப்பிடுங்க."

பெரியவள் துண்டைத் திரும்பவும் தட்டின் நடுவே நகர்த்திவைத்தாள்.

"தின்னு. கொஞ்ச நாளைக்குச் சோறு இறங்காது. எனக்குத் தெரியும். அப்புறம் சரியாயிடும்."

சின்னவளின் முகம் சிவந்திருந்தது. அவள் நிமிர்ந்து, "உங்களுக்குச் சரியாயிடுச்சாக்கா?" என்று கேட்டாள்.

பெரியவள் வலக்கையைப் பார்த்தாள். துணிக்குள் இல்லாமல், தட்டின் பக்கத்தில் வெறுமனே கிடந்தது. விரல் வழக்கம்போல நீண்டு சின்னவளையே காட்டிக்கொண்டிருந்தது. அவள் கையைக் கொஞ்சம் நகர்த்தி, விரலைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிவைத்தாள்.

"இன்னும் இல்ல" என்றாள்.

சின்னவள் மீனை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை அவள் தட்டில் போட்டாள்.